சங்கத்து எலெக்ஷனை பிளாக்செயின்ல நடத்துறது எப்படி: வாக்காளர் பட்டியல்ல இருந்து ரிசல்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

சங்கமோ யூனியனோ கூட்டுறவோ கம்பெனி போர்டோ, ஆன்லைன்ல எலெக்ஷன் வைக்கலாம்னு பேச்சு வந்த உடனே யாராவது ஒருத்தர் "பிளாக்செயின்ல போட்டுட்டா யாரும் கை வைக்க முடியாதுல்ல"ன்னு கேப்பாங்க. அது பாதி உண்மை. பிளாக்செயின் செய்யறது ஒரே ஒரு வேலைதான், எழுதினதை அப்புறம் யாரும் சத்தமில்லாம அழிக்கவோ மாத்தவோ முடியாத மாதிரி பல பேர் கையில ஒரே கணக்குப் புத்தகத்தை வெச்சிருக்கறது. ஓட்டு போட்டது யாரு, அவங்க போன்ல வைரஸ் இருக்கா, யாருக்குப் போட்டாங்கன்னு பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியுமா, இது எதுவும் அதுக்குத் தெரியாது. தப்பான ஓட்டு உள்ள போச்சுன்னா தப்பையே பத்திரமா காப்பாத்தும். அதனால இந்த வழிகாட்டில பெரும்பகுதி பிளாக்செயினைச் சுத்தி இருக்கற வேலைகளைப் பத்திதான் இருக்கும், ஏன்னா எலெக்ஷன் கெட்டுப்போறது அங்கதான்.

படி 1: முதல்ல இது தேவையான்னு பாருங்க

பத்து பேர் இருக்கற கமிட்டில கை தூக்கி முடிவு எடுக்கற விஷயத்துக்கு இது வேண்டவே வேண்டாம். எல்லாரும் நம்பற ஒரு நடுநிலையான ஆள் சர்வரைப் பாத்துக்கறாருன்னாலும் பிளாக்செயின் இல்லாமலே நல்ல வழி இருக்கு, ஹீலியோஸ், பெலினியோஸ்னு ரெண்டு ஓபன் சோர்ஸ் சிஸ்டம் பல வருஷமா இந்த மாதிரி அமைப்புத் தேர்தல்களுக்கு ஓடிட்டு இருக்கு, ரெண்டுலயும் ஓட்டு பூட்டுன (அதாவது குறியாக்கம் பண்ணின) நிலைமைலயே எண்ணப்படும், யார் வேணும்னாலும் கணக்கைச் சரிபார்க்கலாம்.

அப்போ பிளாக்செயின் எங்க உதவும்னா, ரெண்டு மூணு அணி இருக்கு, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்ல, "சர்வர் அவங்க கையில இருக்கு, நைட்டோட நைட்டா மாத்திட்டாங்க"ன்னு பேச்சு வரும்னு தெரியும், அந்த இடத்துலதான். அப்போ புத்தகத்தோட ஒரு காப்பி ஒவ்வொரு அணி கையிலயும் இருக்கணும், அதுதான் மொத்த விஷயமே. எல்லா நோடும் (நோட்னா அந்தப் புத்தகத்தோட காப்பியை வெச்சு ஓடற கம்ப்யூட்டர்) ஒரே ஆளோட கிளவுட் அக்கவுண்ட்ல ஓடுதுன்னா அது சாதாரண டேட்டாபேஸ்தான், விக்கறவர் எந்தப் பேர் வெச்சிருந்தாலும் சரி.

இன்னொன்னையும் இங்கயே சொல்லிடறேன், நாட்டுத் தேர்தலுக்கு இதைக் கொண்டு போகணும்னு நினைக்காதீங்க. சுனூ பார்க், மைக்கேல் ஸ்பெக்டர், நேஹா நருலா, ரொனால்ட் ரிவெஸ்ட் நாலு பேரும் 2020ல எழுதின ஆய்வுக் கட்டுரை, இன்டர்நெட் ஓட்டுல ஏற்கனவே இருக்கற ஆபத்தை பிளாக்செயின் குறைக்காது, கூட சில ஆபத்தைச் சேக்கும்னு தெளிவா சொல்லுது. ரிவெஸ்ட் யாருன்னா ஆர்எஸ்ஏ குறியாக்கத்துல வர்ற அந்த முதல் 'ஆர்'. அமைப்புத் தேர்தல்ல பணயம் சின்னது, தப்பு நடந்தா மறுபடி நடத்த முடியும், அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இங்க இதை முயற்சி பண்ணலாம்னு நான் சொல்றேன்.

படி 2: விதியை எழுதுங்க, ப்ரோகிராம் கோடு அப்புறம்

டெவலப்பரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பொதுக்குழுல தீர்மானமா போட வேண்டிய விஷயங்கள் இருக்கு. ஓட்டு ரகசியமா வெளிப்படையா? ஆளுக்கு ஒரு ஓட்டா, பங்குக்கு ஏத்த எடையா? யாருக்கும் இல்லைங்கற ஆப்ஷன் உண்டா? ஒரு தடவை போட்டதை மாத்திப் போடலாமா? சமமா வந்தா என்ன? குறைஞ்சபட்சம் எத்தனை பேர் ஓட்டு போட்டா செல்லும்? எந்த நாட்டு நேரப்படி ஆரம்பிச்சு முடியும்? நடுவுல சிஸ்டம் 3 மணி நேரம் படுத்துட்டா நேரத்தை நீட்டறது யாரு, எந்த அதிகாரத்துல?

இந்தக் கடைசிக் கேள்வியை முக்கால்வாசிப் பேர் விட்டுடுவாங்க, அப்புறம் அன்னைக்கு சாயங்காலம் போன்ல சண்டை நடக்கும். நீட்டறதுக்கு நிபந்தனையை முன்னாடியே எழுதுங்க, இத்தனை நிமிஷத்துக்கு மேல யாராலயும் ஓட்டு போட முடியலைன்னா அவ்வளவு நேரமே கூடும், முடிவை எல்லா அணி ஏஜென்ட்டும் கையெழுத்துப் போட்டு அறிவிக்கணும்னு.

ஸ்மார்ட்போன் இல்லாத, கண் தெரியாத, வயசான உறுப்பினர்களுக்கு என்ன வழின்னும் இதுலயே வரணும். ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர், கூட ஒரு பேப்பர் ஓட்டுப் பெட்டி, இந்த ரெண்டும் இருந்தா நிறையப் பிரச்சனை குறையும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

படி 3: வாக்காளர் பட்டியல்

பிளாக்செயின் எவ்வளவு சூப்பரா இருந்தாலும் பட்டியல்ல இறந்து போனவர் பேர் இருந்தா அவர் பேர்ல ஒரு ஓட்டு விழ வாய்ப்பு இருக்கு. நான் உதவிக்குப் போன ஒரு சங்கத்துல முதல் வாரம் முழுக்க பட்டியலைச் சுத்தம் பண்றதுலயே போச்சு, ஒரே ஆள் ரெண்டு ஸ்பெல்லிங்ல, சந்தா கட்டாதவங்க, மூணு பேருக்கு ஒரே மொபைல் நம்பர், இப்படி. டெக்னாலஜி பத்தி நாங்க பேச ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான், அந்த ஒரு வாரம் வீண் இல்லைன்னு இன்னைக்கும் நம்பறேன்.

ஒரு கட்-ஆஃப் தேதி வைங்க, வரைவுப் பட்டியலை உறுப்பினர்களுக்குக் காட்டுங்க, ஆட்சேபணைக்கு நேரம் குடுங்க, அப்புறம் உறைய வைங்க. உறைஞ்ச பட்டியலோட மெர்க்கிள் ரூட்டை மட்டும் செயின்ல ஏத்துங்க. மெர்க்கிள் மரம்ங்கறது ரால்ஃப் மெர்க்கிள் 1979ல குடுத்த ஐடியா, ஒவ்வொரு பேரையும் ஹேஷ் பண்ணி (ஹேஷ்னா எந்தத் தகவலையும் கைரேகை மாதிரி ஒரு குறியீடா சுருக்கறது), ரெண்டு ரெண்டா சேத்து மறுபடி ஹேஷ் பண்ணி, கடைசில ஒரே ஒரு ஹேஷ் வரும். எஸ்எச்ஏ-256 ஹேஷ்னா 64 எழுத்து நீளம், பட்டியல்ல ஒரு எழுத்து மாறினாலும் அந்த ரூட் முழுசா மாறிடும், அப்போ எலெக்ஷன் ஆரம்பிச்ச பிறகு ஒரு பேரை நைசா நுழைக்க முடியாது.

இங்க ஒரு பெரிய தப்பை நிறையப் பேர் பண்றாங்க. மொபைல் நம்பரை ஹேஷ் பண்ணி செயின்ல போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கறாங்க. 10 இலக்க நம்பர்னா மொத்தமே 1000 கோடி வாய்ப்புதான், ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா எல்லாத்தையும் ஹேஷ் பண்ணிப் பாக்க சில நிமிஷமே அதிகம். ஆளுக்கு ஒரு நீளமான ரேண்டம் எண்ணைச் சேத்து ஹேஷ் பண்ணணும், அந்த எண் செயினுக்கு வெளிய ரகசியமா இருக்கணும். பேர், நம்பர், ஈமெயில், அடையாள அட்டை எண் எதுவும் செயின்ல நேரடியா வரவே கூடாது, ஏன்னா ஏறினதை இறக்க முடியாது, நாளைக்கு ஒருத்தர் என் விவரத்தை அழிங்கன்னு கேட்டா நீங்க ஒன்னும் பண்ண முடியாது.

படி 4: எந்த செயின்?

ரெண்டு வகை. எத்தீரியம் மாதிரி யார் வேணும்னாலும் சேரக்கூடிய பொது செயின், இல்லைன்னா ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக், ஹைப்பர்லெட்ஜர் பெசு மாதிரி அனுமதி உள்ளவங்க மட்டும் நோட் ஓட்டற செயின்.

பொது செயின்ல யாரும் மாத்த முடியாதுங்கற பலம் ரொம்ப அதிகம். ஆனா ஒவ்வொரு ஓட்டுக்கும் கேஸ் ஃபீஸ்ங்கற பதிவுக் கட்டணம் உண்டு, அது ஏறும் இறங்கும், உறுப்பினர் தன்னோட வாலட்ல (செயின்ல இருக்கற தன் கணக்குல) இருந்து கட்டினா அந்த வாலட் மூலமா அவர் யாருன்னு தெரிஞ்சிடும், அதனால ஓட்டை வாங்கி செயினுக்கு அனுப்பற ரிலேயர் ஒன்னை நடுவுல வெச்சு அமைப்பே கட்டணும். எத்தீரியத்துல 12 செகண்டுக்கு ஒரு பிளாக் (பதிவுகளோட ஒரு தொகுப்பு) வரும், ஆனா இனிமே மாறவே மாறாதுன்னு உறுதியாக கிட்டத்தட்ட 13 நிமிஷம் ஆகும், ஓட்டு போட்டவருக்கு "பதிவாச்சு"ன்னு காட்டறது எந்த நிமிஷம்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

அனுமதி செயின்ல ஃபீஸ் இல்ல, வேகம் உண்டு, ஆனா நம்பிக்கை முழுக்க நோட் யார் கையில இருக்குங்கறதைப் பொறுத்தது. ஒருமித்த முடிவு எடுக்கற முறைல ரெண்டு ரகம் இருக்கறதை கவனிங்க. ராஃப்ட் மாதிரி முறை ஒரு நோட் செத்துப் போனா தாங்கும், ஆனா ஒரு நோட் பொய் சொன்னா தாங்காது. க்யூபிஎஃப்டி மாதிரி முறைதான் பொய்யையும் தாங்கும், அதுக்குக் கணக்கு என்னன்னா ஒரு திருட்டு நோடைத் தாங்க மொத்தம் 4 வேணும், ரெண்டைத் தாங்க 7 வேணும். உங்க பிரச்சனையே ஒருத்தரை ஒருத்தர் நம்பாததுதான், அப்போ ரெண்டாவது ரகம்தான் எடுக்கணும். வெண்டர் "எங்க சிஸ்டம் ஃபால்ட் டாலரன்ட்"னு சொன்னா இந்தக் கேள்வியை நேரா கேளுங்க, சாகறதைத் தாங்குமா பொய்யைத் தாங்குமா?

நான் பரிந்துரைக்கறது, 7 நோட் இருக்கற அனுமதி செயின், ஒவ்வொரு அணிக்கும் ஒன்னு, தேர்தல் அதிகாரிக்கு ஒன்னு, ஆடிட்டருக்கு ஒன்னு, மிச்சம் சம்பந்தமே இல்லாத வெளி அமைப்புகளுக்கு, எல்லாம் வேற வேற இடத்துல வேற வேற ஆள் பொறுப்புல. எந்த ஒரு அணிக்கும் 2 நோடுக்கு மேல போகக் கூடாது, நோட் ஒதுக்கற பேச்சுவார்த்தைல அந்தக் கணக்கை விட்டுக்குடுக்காதீங்க. கூடவே மணிக்கு ஒரு தடவை மொத்த செயினோட ஹேஷை பொது செயின் ஒன்னுல பதிஞ்சிடுங்க. ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ்னு இலவசமாவே ஒரு வழி இருக்கு, பிட்காயின் செயின்ல நேர முத்திரை குத்திக் குடுக்கும். அப்போ ஏழு பேரும் கூட்டு சேந்து பழைய கணக்கை மாத்தி எழுதினாலும் அந்த முத்திரையோட ஒத்துப்போகாது.

படி 5: ரகசியம்

ஓட்டை அப்படியே செயின்ல எழுதினா எல்லாருக்கும் தெரியும். வாலட் அட்ரஸ்தானே, பேர் இல்லையேன்னு சமாதானம் சொல்றது சரியில்ல, நேரத்தையும் ஐபியையும் (இன்டர்நெட் முகவரியையும்) வெச்சு யாருன்னு கண்டுபிடிக்கலாம், அதுவும் 300 பேர் இருக்கற அமைப்புல சுலபமா கண்டுபிடிக்கலாம்.

சிலர் கமிட்-ரிவீல்னு ஒரு முறை சொல்வாங்க, முதல் நாள் ஓட்டோட ஹேஷை மட்டும் போட்டுட்டு மறுநாள் வந்து திறந்து காட்டணும். சாதாரண உறுப்பினர்களை வெச்சு இதைப் பண்ணாதீங்க, பாதிப் பேர் மறுநாள் வர மாட்டாங்க, திறக்காத ஓட்டெல்லாம் வீணாப் போகும், கடைசில எல்லா ஓட்டும் வெளிப்படையாவே ஆயிடும்.

உருப்படியான வழி மூணு இருக்கு. ஒன்னு, பூட்டுன நிலைமைலயே கூட்டறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் நேரா உங்க ஓட்டு 1 இல்ல 0, அது எல்கமால்ங்கற குறியாக்க முறைல, எண்ணை அடுக்கா (எக்ஸ்போனென்ட்டா) வெச்சுப் பூட்டப்படும், எல்கமால் 1985ல வந்த முறை. இதுல அழகு என்னன்னா பூட்டுன எண்களை ஒன்னோட ஒன்னு பெருக்கினா உள்ள இருக்கற எண்கள் கூடிக்கும், கடைசில அந்த ஒரு மொத்தத்தை மட்டும் திறந்தா போதும், தனி ஓட்டு எதையும் யாரும் திறக்கவே வேண்டாம். ஆனா உள்ள 1க்கு பதிலா ஒருத்தர் 100ன்னு போட்டா? அதுக்குத்தான் ஒவ்வொரு ஓட்டோடயும் "உள்ள இருக்கறது 0 அல்லது 1தான்"னு எதுன்னு காட்டாமலே நிரூபிக்கற ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் ஒன்னு சேந்து வரணும், அது இல்லாத ஓட்டை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (செயின்ல தானா ஓடற ப்ரோகிராம், படி 8ல வரும்) வாங்கவே கூடாது. ஆமா-இல்லை தீர்மானத்துக்கும் சின்ன வேட்பாளர் பட்டியலுக்கும் இதுதான் என் சாய்ஸ்.

ரெண்டாவது, மிக்ஸ்நெட், டேவிட் சாம் 1981ல சொன்னது. பூட்டுன ஓட்டுகளை ஒரு சர்வர் கலைச்சு மறுபடி பூட்டி அடுத்த சர்வர்கிட்ட குடுக்கும், அது கலைச்சு அடுத்ததுகிட்ட, இப்படிப் போய் கடைசில திறந்தா எது யாரோடதுன்னு தெரியாது. வரிசைப்படுத்தி ஓட்டு போடற, பேர் எழுதிப் போடற மாதிரி எலெக்ஷனுக்கு இது ஒத்துவரும். மூணாவது, செமஃபோர் மாதிரி டூல், நான் இந்தப் பட்டியல்ல ஒருத்தன், ஆனா யாருன்னு சொல்ல மாட்டேன்னு நிரூபிக்கறது, ஒரே ஆள் ரெண்டு தடவை போட்டா நல்லிஃபையர்னு ஒரு எண் திரும்ப வந்து மாட்டிக்குவார்.

குறியாக்கத்தை நீங்களா எழுதாதீங்க, உங்க டெவலப்பரையும் எழுத விடாதீங்க. 2019ல மாஸ்கோ நகர சபைத் தேர்தலுக்கு எத்தீரியம் அடிப்படையில ஒரு சிஸ்டம் பண்ணி, சோதனைக்காகக் கோடை வெளியிட்டாங்க. பியரிக் கோட்ரிங்கற பிரெஞ்சு ஆய்வாளர் அதைப் பாத்துட்டு, எல்கமால்ல 256 பிட்டுக்கும் குறைஞ்ச சாவி போட்டிருக்காங்க, சாதாரண கம்ப்யூட்டர்ல 20 நிமிஷத்துல உடைஞ்சிடும்னு காட்டினார். மூணு தடவை பூட்டியிருந்தாங்க, மூணு பூட்டுமே சின்ன பூட்டு. எலிப்டிக் கர்வ்ங்கற கணித முறைல 256 பிட் போதும், சாதாரண எல்கமால்ல 3072 பிட் வேணும், இந்த வித்தியாசம் தெரியாதவங்க கையில பொறுப்பைக் குடுக்காதீங்க. தேர்தலுக்கு முன்னாடியே கோடை வெளியிட்டதாலதான் அது கண்டுபிடிக்கப்பட்டது, நீங்களும் வெளியிடுங்க.

யாரும் யோசிக்காத ஒரு விஷயம், பூட்டுன ஓட்டு பொது செயின்ல நிரந்தரமா இருக்கும். இன்னைக்கு உடைக்க முடியாத பூட்டு 20 வருஷம் கழிச்சு குவான்டம் கம்ப்யூட்டர் வந்து உடையலாம், அன்னைக்கு யார் யாருக்குப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால பூட்டுன ஓட்டு அனுமதி செயின்குள்ளயே இருக்கட்டும், பொது செயினுக்கு ஹேஷ் மட்டும் போகட்டும்.

படி 6: சாவி யார் கையில?

2025ல நடந்ததைச் சொல்றேன். ஐஏசிஆர்னு ஒரு அமைப்பு, உலக அளவுல குறியாக்கவியல் ஆய்வாளர்களோட சங்கம், அந்தத் துறைல அவங்களுக்கு மேல யாரும் இல்ல. நிர்வாகிகள் தேர்தலுக்கு ஹீலியோஸ்தான் யூஸ் பண்றாங்க. ரிசல்ட்டைத் திறக்கற சாவியை மூணு பேருக்குப் பிரிச்சுக் குடுத்திருந்தாங்க, மூணு பேரும் சேந்தாத்தான் திறக்கும்னு வெச்சிருந்தாங்க. ஓட்டுப்பதிவு முடிஞ்சது, ஒருத்தர் தன்னோட பங்கைத் தொலைச்சிட்டார். அவ்வளவுதான், ஓட்டெல்லாம் பத்திரமா இருக்கு, யாராலயும் திறக்க முடியல, எலெக்ஷனையே மறுபடி நடத்தினாங்க, இந்தத் தடவை மூணுல ரெண்டு பேர் போதும்னு மாத்தினாங்க. அவங்களுக்கே இது நடந்தா நமக்கு நடக்காதா?

அதனால 5 பேர், அதுல எந்த 3 பேர் சேந்தாலும் திறக்கலாம், இந்த அளவு அமைப்புத் தேர்தலுக்கு சரியா இருக்கும். ரெண்டு பேர் தொலைச்சாலும் சமாளிக்கலாம், ரெண்டு பேர் கூட்டு சேந்து முன்கூட்டியே எட்டிப் பாக்கவும் முடியாது. அஞ்சு பேர்ல ஒரே அணிக்காரங்க ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாது, இது கணக்கை விட முக்கியம், ஏன்னா மூணு பேர் ஒரே பக்கம்னா ஓட்டுப்பதிவு நடக்கும்போதே யார் யாருக்குப் போட்டாங்கன்னு அவங்க திறந்து பாக்கலாம், செயின்ல ஒரு தடயமும் இருக்காது. பிளாக்செயின் தடுக்காத திருட்டு இது.

சாவியை உருவாக்கறதுலயும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருத்தர் முழு சாவியை உருவாக்கி அப்புறம் துண்டு போட்டுக் குடுத்தா, அந்த ஒருத்தர்கிட்ட முழு சாவி ஒரு நிமிஷமாவது இருந்திருக்கு. அப்படிப் பண்ணாதீங்க. அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு துண்டை தன் லேப்டாப்லயே உருவாக்கி, முழு சாவி எங்கயுமே பிறக்காத மாதிரி பண்ற முறை இருக்கு, பெலினியோஸ்ல அது இருக்கு. சாவி உருவாக்கற அன்னைக்கு எல்லா அணி ஏஜென்ட்டும் கூட இருக்கணும், நடந்ததை வீடியோ எடுங்க, ஆனா லேப்டாப் திரை அதுல விழவே கூடாது. ஒவ்வொருத்தரும் ரெண்டு யுஎஸ்பில வெச்சு, ரெண்டையும் வேற வேற இடத்துல பூட்டி வெக்கணும். அன்னைக்கே ஒரு டம்மி ஓட்டைப் போட்டு, ஒவ்வொரு மூணு பேர் கூட்டணியா மாத்தி மாத்தித் திறந்து பாருங்க, 5ல 3னா மொத்தம் 10 கூட்டணி, ஒரு மணி நேர வேலை. போலிங் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் மறுபடி எல்லாரும் தன் துண்டு வேலை செய்யுதான்னு சோதிக்கணும்.

படி 7: உறுப்பினர் கையில இருக்கற போன்

வாலட் இன்ஸ்டால் பண்ணுங்க, அதோட சாவிக்கான 12 வார்த்தையை எழுதி வெச்சுக்கோங்கன்னு சொன்னா பாதிப் பேர் ஓட்டே போட மாட்டாங்க. லாகின் சாதாரணமா இருக்கட்டும், ஓட்டுச்சாவி பின்னாடி தானா உருவாகட்டும். ஆனா எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும்னா போதாது, சிம் மாத்தற மோசடி நடக்குது, ஓடிபி ஒரு வழியாவும் தனி ஓட்டுக்குறியீடு தபால்லயோ நேர்லயோ இன்னொரு வழியாவும் போகணும். ஓட்டுக்குறியீடு குடுக்கறவரும் சர்வர் நடத்தறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, இருந்தா ஓட்டு போட வராதவங்க பேர்ல அவரே போட்டுடலாம்.

போன்லயே வைரஸ் இருந்தா நீங்க ஏ-வை அமுக்கினா பி-க்குப் போகும், செயின்ல பி-தான் பத்திரமா இருக்கும். அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் 2018ல வெளிநாட்டுல இருக்கறவங்களுக்காக பயன்படுத்தின வோட்ஸ்ங்கற பிளாக்செயின் ஆப்பை எம்ஐடி ஆய்வாளர்கள் 2020ல பிரிச்சுப் பாத்தப்போ, போனைப் பிடிச்சவன் ஓட்டை மாத்தலாம், தடுக்கலாம், பாக்கலாம்னு தெரிஞ்சது. ஓட்டை ஏமாத்தற இடம் செயினுக்கு முன்னாடியே இருந்தது.

இதுக்கு வழி, வேற ஒரு கருவில சரிபார்க்கறது. எஸ்டோனியாவுல 2005ல இருந்து நாடு முழுக்க நடக்கற அரசுத் தேர்தல்கள்லயே இன்டர்நெட் ஓட்டு உண்டு, அங்க கம்ப்யூட்டர்ல போட்ட ஓட்டை 2013ல இருந்து போன்ல க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணி சரியா போச்சான்னு பாக்கலாம். இன்னொரு முறை, ஹீலியோஸ்ல இருக்கறது, ஓட்டு பூட்டுனதும் "அனுப்பவா, இல்ல திறந்து காட்டவா"ன்னு கேக்கும், திறந்து காட்டச் சொன்னா உள்ள என்ன இருக்குன்னு காட்டிட்டு அந்த ஓட்டை ரத்து பண்ணிடும், நீங்க புதுசா போடணும். எது அனுப்பப்படும் எது திறக்கப்படும்னு மெஷினுக்கு முன்கூட்டித் தெரியாதுங்கறதால அது தைரியமா ஏமாத்த முடியாது. நூறு பேர்ல அஞ்சு பேர் இதைச் செஞ்சாலே பெரிய அளவுல நடக்கற தில்லுமுல்லு கண்ணுல பட்டுடும், அதனால ஒவ்வொரு அணியும் தன் ஆளுங்ககிட்ட இதைச் செய்யச் சொல்லணும்.

வற்புறுத்தல்தான் ஆன்லைன் ஓட்டோட பெரிய பலவீனம். மேனேஜர் பக்கத்துல நின்னு "என் முன்னாடி போடு"ன்னா என்ன பண்றது? எஸ்டோனியால திரும்பத் திரும்ப போடலாம், கடைசியா போட்டதுதான் கணக்கு, பேப்பர்ல போய் போட்டா அதுதான் செல்லும். நான் முன்னாடி பேப்பர் பெட்டி வேணும்னு சொன்னது இதுக்குத்தான். மாத்திப் போட அனுமதி குடுங்க, நேர்ல வந்து போடற ஓட்டுக்கு முன்னுரிமை குடுங்க, ரெண்டையும் விதில எழுதி எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க. ஒன்னு மட்டும் கவனிங்க, ஆளு யாருன்னு தெரியாம பண்ற செமஃபோர் மாதிரி முறைல பழைய ஓட்டைத் தேடி நீக்கறது தனி வேலை, அதைக் கட்டமைக்கும்போதே யோசிக்கணும்.

படி 8: ஸ்மார்ட் கான்ட்ராக்ட்

இது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. நாலே நிலை, பட்டியல் பதிவு, ஓட்டுப்பதிவு, மூடல், எண்ணிக்கை. முன்னாடி மட்டும் நகரும், பின்னாடி வராது. ஓட்டு வந்தா நேரம் சரியா, பட்டியல்ல இருக்கற ஆளா, ப்ரூஃப் சரியா, இந்த நாலு நிலைல இப்போ எதுன்னு பாக்கணும், சரின்னா சேக்கணும், இல்லைன்னா காரணத்தோட திருப்பி அனுப்பணும்.

அட்மினுக்கு என்ன அதிகாரம் இருக்குன்னு வரி வரியா பாருங்க. பின்னாடி கோடை மாத்தற வசதியோட கான்ட்ராக்ட் எழுதறது இப்போ வழக்கமாயிடுச்சு, தேர்தல்ல அது இருந்தா மாத்த முடியாதுங்கற பேச்சுக்கே அர்த்தம் இல்ல. நிறுத்தி வெக்கற பட்டன் வேணும்னா அதுக்கும் பல அணி கையெழுத்து வேணும்னு வைங்க. கோடுல ஒரு சின்னத் தப்பு எவ்வளவு பெருசாகும்னு 2016ல எத்தீரியத்துல டிஏஓங்கற முதலீட்டு நிதி சம்பவத்துல உலகமே பாத்தது, கிட்டத்தட்ட 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தோட நாணயம்) போச்சு. வெளி ஆளை வெச்சு ஆடிட் பண்ணுங்க, அந்த ஆளை எதிர் அணியும் ஒத்துக்கணும். ஆடிட் ஆன கோடும் ஓடற கோடும் ஒன்னுதான்னு ஹேஷ் வெச்சு எல்லா அணியும் சரிபார்க்கணும்.

படி 9: ஒத்திகை

குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி ஒரு முழு டம்மி எலெக்ஷன். வேணும்னே கெடுத்துப் பாருங்க, ஒரு நோடை அணைங்க, ரெண்டு தடவை போடுங்க, பழைய போன்ல போடுங்க, ஸ்க்ரீன் ரீடரோட போடுங்க, ஒரு சாவிக்காரர் வரலைன்னு வெச்சுத் திறங்க. கடைசி ஒரு மணி நேரத்துல கூட்டமா வர்ற மாதிரி லோட் குடுங்க, எல்லாரும் கடைசி நேரத்துலதான் போடுவாங்க.

படி 10: அன்னைக்கும் அதுக்கப்புறமும்

எலெக்ஷன் லிங்க் எதுன்னு முன்னாடியே பல வழில சொல்லிடுங்க, போலி லிங்க் கண்டிப்பா சுத்தும். நடுவுல எத்தனை பேர் போட்டாங்கங்கற எண்ணிக்கை மட்டும் காட்டலாம், யார் முன்னிலைன்னு காட்ட முடியாது, சாவி திறக்கலையே. ஓட்டு போட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிராக்கிங் கோடு கிடைக்கும், அதை வெச்சு தன் பூட்டுன ஓட்டு செயின்ல பதிவாயிருக்கான்னு பாத்துக்கலாம், ஆனா அந்தக் கோடை வெச்சு யாருக்குப் போட்டார்னு வேற யார்கிட்டயும் நிரூபிக்க முடியாத மாதிரி இருக்கணும், முடிஞ்சா ஓட்டுக்குக் காசு குடுக்கறவனுக்கு அது ரசீது ஆயிடும்.

நேரம் முடிஞ்சதும் மூடற பிளாக்கோட ஹேஷை உரக்கப் படிச்சு எல்லா ஏஜென்ட்டும் எழுதிக்கட்டும். முதல்ல நேர்ல போட்டவங்க பட்டியலைப் பாத்து அவங்க ஆன்லைன் ஓட்டை நீக்கணும், அப்புறம்தான் கூட்டணும், இந்த வரிசை மாறவே கூடாது. மூணு பேர் தன் தன் துண்டால திறப்பாங்க, ஒவ்வொருத்தரும் சரியா திறந்தேன்னு ஒரு ப்ரூஃபும் சேத்துக் குடுக்கணும், இல்லைன்னா ஒருத்தர் தப்பான துண்டைக் குடுத்து ரிசல்ட்டைக் குழப்பலாம். அதுக்கப்புறம் தோத்த அணி தன் ஆளை வெச்சு, தன் கம்ப்யூட்டர்ல, முடிஞ்சா தானே எழுதின சரிபார்ப்பு ப்ரோகிராமால முழு கணக்கையும் மறுபடி ஓட்டிப் பாக்கட்டும். அவங்க திருப்தியாகறதுக்குத்தான் இவ்வளவும் பண்ணோம், அதனால அதுக்கு ரெண்டு மூணு நாள் நேரமும் தேவையான ஃபைல் எல்லாமும் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க.

ஆட்சேபணை காலம் முடியற வரைக்கும் எந்த நோடையும் அணைக்காதீங்க, சாவித் துண்டையும் பத்திரமா வைங்க. முடிஞ்சதும் செயினை ஒரு ஃபைலா எடுத்து எல்லா அணிக்கும் காப்பி குடுத்து, பூட்டுன ஓட்டுகளை எத்தனை நாள் வெச்சிருக்கணும்னு விதில எழுதியிருக்கோ அத்தனை நாள் வெச்சிருங்க. அஞ்சு பேரும் ஒரே மேஜைல உக்காந்து, தன் தன் ரெண்டு யுஎஸ்பியையும் எல்லார் முன்னாடியும் உடைக்கணும், லேப்டாப்ல மிச்சம் இருக்கறதையும் அழிக்கணும், அதுக்கு ஒரு மினிட்ஸ் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோங்க.